மடிப்பண்ணன் தேய்த்த மண்

இயந்திரத்தைச் சாய்த்துக் காட்டச் சொன்னார் மடிப்பண்ணன். விற்க நின்ற சாலை காண்ட்ராக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பழைய இயந்திரம் வாங்க வருகிறவர்கள் கயிற்றை இழுத்து ஓடவிட்டுப் பார்ப்பார்கள், ஆயிலைத் தொட்டுப் பார்ப்பார்கள், புகையின் நிறத்தைக்கூடப் பார்ப்பார்கள். இவரோ இரண்டு ஆட்களைப் பிடித்துச் சாய்க்கச் சொல்லி, தரையில் குந்தி, அடித்தட்டில் ஒரு கைக்குட்டையை வைத்து இழுத்தார். நூல் எங்கும் மாட்டவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டுமா அண்ணே?"

"அது எதுக்குங்க? பெட்டிக்கு அடிதான் முக்கியம். அடி வழவழன்னு இருக்கு. எனக்கு இது போதும்."

காண்ட்ராக்டர் நல்ல மனிதர். ஆனாலும் தானாக வந்த அதிர்ஷ்டத்தைத் தட்டிக்கழிக்கும் அளவுக்கு நல்லவர் இல்லை. வாயைத் திறக்காமல் வண்டியில் ஏற்றிக் கொடுத்தார்.

அந்த இயந்திரத்தை வேலையாட்கள் கம்பாக்டர் என்கிறார்கள். கீழே கனத்த இரும்புத் தட்டு, அதன்மேல் ஒரு பெட்ரோல் இன்ஜின், பின்னால் நீளமான கைப்பிடி. இன்ஜின் ஓடினால் தட்டு படபடவென்று துடித்து, மண்ணை இறுக்கிக்கொண்டே முன்னால் நகரும். இருபத்தேழு வருடமாகச் சலவைக்கடையில் துணி தேய்க்கும் ஒருவருக்கு அது ராட்சச இஸ்திரிப்பெட்டியாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

மடிப்பண்ணன் என்பது தெருவே சேர்ந்து வைத்த பெயர். அவர் சட்டைக் கையில் நிற்கும் மடிப்பில் காய்கறி நறுக்கலாம் என்பார்கள். காலையில் செய்தித்தாள் வந்ததும் நாலு மூலையையும் நீவிவிட்டுத்தான் படிப்பார். மனைவி படுக்கையிலிருந்து முழுதாக எழுந்திருக்கும் முன்பே பாதி விரிப்பைச் சரி செய்துவிடுவார். ஆட்களின் பெயர் அவருக்கு நினைவில் நிற்காது, "நீலக்கோடு வந்தாரா? பித்தான் போன காக்கி வந்தாரா?" என்றுதான் கேட்பார். உலகத்துக் கஷ்டம் அத்தனைக்கும் அவரிடம் ஒரே சொல் உண்டு. ஜுரம் வந்தால் "உடம்பு கசங்கிப்போச்சு." மழை பெய்து வியாபாரம் படுத்தால் "நாளே கசங்கிப்போச்சு."

ஆறு மாதத்துக்கு முன் கசங்கியது அவர் அக்காவின் மனம். அதைத் தன் கையாலேயே கசக்கினார் என்பதுதான் அவருக்குத் தீராத வேதனை. அக்கா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு விபத்துக்குப் பிறகு கால்கள் வழங்காமல், சக்கர நாற்காலியில் இருக்கிறாள். அதைத் தானே உருட்டிக்கொண்டு வங்கிக்குப் போவாள், கடைக்குப் போவாள், யாராவது பின்னால் கைவைத்தால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். வைத்தவன் கையைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொள்வான். அப்படிப்பட்டவள் தம்பி வீட்டுக்கு வந்தபோது, வாசல் கேட்டுக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவே இருக்கும் முப்பதடி பொதபொத மண்ணில் முன்சக்கரம் இரண்டும் புதைந்துவிட்டன. மடிப்பண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஓடிப்போய், துணி மூட்டையைத் தூக்குவதுபோல அவளை அள்ளித் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே போனார். எதிர்வீட்டு மாடியில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

அக்கா சாப்பிட்டாள், சிரித்துப் பேசினாள். புறப்படும்போது மட்டும், "இனிமே பாக்கணும்னா நீ வாடா எங்க வீட்டுக்கு. நான் மூட்டை இல்ல" என்றாள். அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் அவள் வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை வாக்கா. கேட்டுலேர்ந்து கதவு வரைக்கும் பாதை போட்டுட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டார். சொன்ன அன்று செவ்வாய்க்கிழமை. பாதையும் கிடையாது, ஒரு கூடை ஜல்லிகூடக் கிடையாது. இயந்திரத்தை நாலு நாள் வாடகைக்கு எடுக்கலாமே என்று மனைவி கேட்டதற்கு, "அடுத்தவன் சூடு பண்ணின பெட்டியை நான் தொட்டிருக்கேனா?" என்று பதில் வந்தது. அப்படித்தான் அந்தக் கம்பாக்டர் அவர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

புதன்கிழமை காலையில் கயிற்றை இழுத்தார். இன்ஜின் ஒரு முறை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. மறுபடி இழுத்தார். நாற்பதாவது இழுப்பில் அவருக்குத் தோள்பட்டை கழன்றது போலிருந்தது. மனைவி வந்து சிறிது நேரம் பார்த்தாள். பெட்ரோல் குழாயின் திருகு மூடியே இருந்தது. அதைத் திருப்பிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அடுத்த இழுப்பில் அது கிளம்பியது. கிளம்பியதென்றால் சாதாரணக் கிளம்பல் இல்லை. தேய்க்கிறவன் கை முன்னும் பின்னும் போய்ப் பழகிய கை. கம்பாக்டருக்கோ முன்னால் போக மட்டுமே தெரியும். அவர் பின்னால் இழுக்க, அது முன்னால் இழுக்க, அவரையும் கூட்டிக்கொண்டு ரோஜாச் செடிவரை போய்விட்டது. நின்று நிதானித்து ஓட்டலாமென்றால் அதுவும் முடியாது. ஒரே இடத்தில் வைத்தால் தீய்ந்துவிடும் என்ற பயம் அவர் ரத்தத்தில் ஊறியது. அதனால் அதன் பின்னாலேயே ஓடினார். சமையலறை அலமாரியில் டம்ளர்கள் வரிசையாக நடந்துவந்து ஒவ்வொன்றாகக் கீழே குதித்தன.

"உங்களுக்கு அக்கா வரணுமா, இல்ல பூகம்பம் வரணுமா?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள் மனைவி.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய தவறை அன்று மாலைதான் செய்தார். அதைத் துணி தேய்க்கிறவர் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, ஜல்லியும் கல்தூளும் வரவழைத்து, அத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டி நிரப்பினார். பிறகு ரப்பர் குழாயைப் பிடித்து நன்றாக நனைத்து, தார்ப்பாயைப் போட்டு நாலு பக்கமும் இறுக்கிச் சொருகினார். முரட்டுப் பருத்தித் துணியென்றால் அப்படித்தானே? நனைத்து, சுருட்டி, ஈரம் உள்ளே இறங்கவிட்டு, காலையில் தேய்த்தால் சொன்னபடி கேட்கும்.

மண் கேட்கவில்லை. வியாழக்கிழமை காலையில் கம்பாக்டரை ஏற்றியதும் பாதை முழுவதும் களி போலக் குலுங்கியது. இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் எழுந்தது. நாலடி போனதும் இயந்திரம் இன்ஜின் வரை இறங்கி, நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு மடிப்பண்ணன் படியில் உட்கார்ந்தார். "எல்லாம் கசங்கிப்போச்சு" என்றார். இந்த முறை மனைவி சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

காப்பாற்றியவர், பித்தான் போன காக்கி. அவர் ஒரு கொத்தனார்; கடை பூட்டியிருந்ததால் சட்டையைத் தேடி வீட்டுக்கே வந்திருந்தார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார், குச்சியால் குத்திப் பார்த்தார்.

"ஏண்ணே, இது என்ன மண்ணா, கஞ்சியா?"

"ராத்திரி முழுக்க ஊற வெச்சேங்க."

கொத்தனார் கொஞ்ச நேரம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்து முடித்தபின், "மொத்தத்தையும் வெளிய அள்ளிப் போட்டு வெயில்ல காய விடுங்க. அப்புறம் நாலு விரல் கனத்துக்கு ஒரு அடுக்கு போடுங்க. கையால தெளிக்கிற தண்ணி போதும். அதை இறுக்குங்க. அது மேல அடுத்த அடுக்கு. கையில பிடிச்சா உருண்டையா நிக்கணும், தண்ணி கசியக் கூடாது" என்றார்.

"அவ்வளவுதானா? பட்டுத்துணிக்குப் பண்ற மாதிரி. இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"யாருண்ணே கேட்டீங்க?"

கணவனும் மனைவியுமாக அன்றைக்கே அள்ளிக் கொட்டினார்கள். முற்றம் முழுவதும் ஜல்லி பரந்து காய்ந்தது. வெள்ளி மாலை முதல் அடுக்கு. சனிக்கிழமை நாள் முழுவதும் மற்ற அடுக்குகள். இப்போது அவர் அதை இழுக்கவில்லை, துரத்தவும் இல்லை. அது போகிற வேகத்துக்கு ஒப்புக்கொண்டு பின்னால் நடந்தார். கேட்டிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து கேட்டுக்கு. அரைத் தட்டு அகலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பார்த்துக்கொண்டார்; சட்டையின் முதுகுப்பக்கத்தைத் தேய்ப்பதும் அப்படித்தான். கடைசியில் கொத்தனார் வந்து குதிகாலால் ஓங்கி மிதித்தார். தடம் விழவில்லை. மடிப்பண்ணன் அவருடைய காக்கிச் சட்டையை இலவசமாகத் தேய்த்துக் கொடுத்தார், பித்தானும் தைத்து.

ஞாயிற்றுக்கிழமை அவர் வெள்ளைப் பேன்ட் போட்டுக்கொண்டு கேட்டருகே ஏழு மணியிலிருந்தே நின்றார். பத்து மணிக்கு வாடகைக் கார் வந்தது. அக்கா நாற்காலியில் மாறி உட்கார்ந்து, பாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கணக்குப் பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"யாருடா போட்டது?"

"நான்தான்கா."

அக்கா சக்கரத்தைத் தள்ளினாள். அவர் பக்கத்திலேயே நடந்தார். நடுவில், கதவை நோக்கி லேசாக ஏறும் இடத்தில் நாற்காலி தயங்கியது. அவர் கை தானாக நீண்டது. அக்கா திரும்பவில்லை, ஆனாலும் பாதி வழியில் கையை இழுத்து அக்குளில் செருகிக்கொண்டார். அவள் மூச்சை இழுத்து, இன்னொரு தள்ளு தள்ளினாள். சக்கரம் ஏறிவிட்டது. கதவுவரை எங்கும் புதையவில்லை.

உள்ளே போவாள் என்று மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா போகவில்லை. வாசலில் நாற்காலியைத் திருப்பி, வந்த வழியே மறுபடி கேட்டுவரை போனாள். அங்கே ஒரு வட்டம் அடித்தாள். எதிர்வீட்டு மாடியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முன்னைவிட வேகமாகக் கிளம்பினாள்.

நடுப்பாதையில் நின்ற மடிப்பண்ணன், அவள் வருவதைப் பார்த்து, தேய்த்த வெள்ளைப் பேன்ட்டோடு ரோஜாச் செடிக்கருகே பொதபொத மண்ணில் கணுக்கால்வரை இறங்கி, அவளுக்கு வழிவிட்டார்.