பேட்டன்ட் வக்கீல் கேட்ட கேள்வி

நான் படித்தது நாலாங்கிளாஸ். ஆனாலும் எழுபதுகளில் பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில், சைக்கிள் பெடலை வைத்து நெல் தூற்றும் மிசின் செய்தவன் நான்தான். யாரும் காப்பியடித்துவிடக் கூடாதென்று, மச்சினனோடு கோயமுத்தூரில் ஒரு பேட்டன்ட் வக்கீலைப் பார்க்கப் போனேன்.

"இதுக்கு முன்னாடி இதை யாராவது பார்த்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"ஏனுங்க, பூஜை போடாம புது மிசினைக் களத்துல எறக்குவோமுங்களா? ஆயுத பூஜையன்னிக்குச் சந்தனம் வெச்சு ஓட்டிக் காட்டினேன். ஊரே வாயைப் பொளந்துச்சுங்க!"

வக்கீல் பேனாவை மூடினார். "ஊருக்குக் காட்டிட்டா பேட்டன்ட் கிடைக்காதுங்க."

மச்சினன் பதறினான். "யாரும் பார்க்கலீங்க. மச்சான் சும்மா பீத்தறாருங்க!"

வக்கீல் என்னையே பார்த்தார். "எது நெசமுங்க?"

பீத்தல் என்று ஒத்துக்கொண்டால் மிசின் எனக்கு. நிஜம் என்றால் ஊருக்கு. எந்தப் பக்கமும் நகர முடியவில்லை. ஆனால் அன்று ஊர் கைதட்டியதை இல்லையென்று சொல்ல நாக்கு எழவில்லை.

"ஊரே பார்த்துச்சுங்க" என்றேன்.

அடுத்த அறுப்புக்குள் சித்தூர் வரைக்கும் களத்துக்குக் களம் அதே மிசின் ஓடியது. செய்தவன் யாரென்று சொல்ல ஒரு காகிதமும் இல்லை. அதனால்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் இன்னும் நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.