ஊதாத் துணிக்குள் வியாகுல மாதா

அறுபதுகளின் கடைசியில் எனக்கு முதல் குழந்தையாக மகன் பிறந்து, அன்று மாலையே இறந்துபோனான். ஆஸ்பத்திரியில் எனக்கு மயக்கம் தெளிவதற்குள் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் அவனைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள். "பச்சை உடம்புக்காரி பாக்கக் கூடாதும்மா, மனசு தாங்காது" என்றாள் நர்ஸ். யார் மனசு? என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? நான் அவனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதனாலோ என்னவோ, எனக்கு அழுகையும் வரவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு படத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. என் பிறந்த ஊர்க் கோயிலில், பீடத்துக்கு இடப்பக்கம், ஆளுயரத்துக்கு வியாகுல மாதா படம் ஒன்று உண்டு. சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதன் முன்னால் பெண்கள் விசும்புவதைப் பார்த்துச் சின்ன வயதில் நான் சிரித்திருக்கிறேன். இப்போது அங்கே போய் நின்றால் எனக்கும் அழுகை வரும் என்று நம்பினேன்.

அப்போது பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் டீச்சர் வேலை. ஆண்டவர் சிலுவையில் இறந்த பெரிய வெள்ளியை ஒட்டித்தான் லீவு கிடைத்தது. இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தால், படத்தின் மேல் தலை முதல் கால் வரை ஊதாத் துணி! தவக்காலத்தின் கடைசி இரண்டு வாரம் படங்களையும் சுரூபங்களையும் மூடிவைப்பார்கள் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. மகன் செத்த நாளில் தாயின் துக்கத்தை மூடிவைக்கிற வழக்கத்தை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ.

கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் கெஞ்சினேன். "ஒரு நிமிசம் தூக்கிக் காட்டுங்கண்ணா."

"அதெல்லாம் முடியாதுங்க டீச்சர். பங்குச் சாமியாரு திட்டுவாருங்க. உயிர்ப்பு ஞாயிறு அன்னிக்கி வாங்க, தெறந்துதான் இருக்கும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்.

என் அண்ணன் வீட்டில் இரண்டு நாள் தங்கி, ஞாயிறு காலைப் பூசைக்குப் போனேன். துணியை எடுத்திருந்தார்கள். ஆனால் படத்துக்கு நேர் முன்னால் மூங்கில் கட்டி, ஜிகினாத் தாளும் காகிதப் பூவுமாக ஒரு மேடை. அதன்மேல் கையில் கொடியோடு உயிர்த்த ஆண்டவர். பின்னால் மாதாவின் முக்காட்டு நுனி மட்டும் தெரிந்தது. வந்த ஆத்திரத்தில் அல்லேலூயாவுக்கு நான் வாயே திறக்கவில்லை.

"இன்னிக்கி எதுக்குங்க டீச்சர் அந்தப் படம்? சந்தோசமா இருக்கற நாளுங்க" என்றார் கோயில்பிள்ளை.

பூசை முடிந்து எல்லோரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டே வெளியே போனார்கள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேடைக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்தேன். மூங்கில் கையைக் கீறியது.

"டீச்சர், டீச்சர், சாஞ்சிரப் போவுதுங்க!" என்று கோயில்பிள்ளை ஓடிவந்தார். சாயட்டும்.

என் முகத்துக்கு ஒரு முழத்தில் இருந்தாள் அவள். அவ்வளவு தூரம் வந்தவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மகனின் தலை அவள் முழங்கையில் கிடந்தது. அவன் கன்னத்தில் அவள் விரல்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்காவது மடியில குடுத்தாங்களே" என்றேன், சத்தமாகவே.

மேடை ஆடியது. கோயில்பிள்ளை அதை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் அழுது முடிக்கும்வரை அவர் என்னை வெளியே கூப்பிடவில்லை.