பதின்மூன்றாவது ஃபாரம்

கௌரவ நூலகர் என்றால் சம்பளம் கிடையாது என்று அர்த்தம். கௌரவமும் கிடையாது என்பதைச் சாவியை வாங்கிக்கொண்ட பிறகுதான் சொல்வார்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பம்பாய் மாதுங்காவில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் மாடி அறைச் சாவி ஞாயிறுதோறும் ஒன்பது முதல் பன்னிரண்டு மணி வரை என்னிடம் இருந்தது. மற்ற ஆறு நாளும் நான் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஒரு நல்ல புத்தகத்தை அடுத்தவர் கையில் திணித்து, அதை அவர் திருப்பித் தரும்போது முகத்தைப் பார்த்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் நான் சொல்லப்போவது புரியும். இல்லாவிட்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

ப்ளக் பாயிண்ட்

அறையில் மூன்று அலமாரிகள். முதல் இரண்டில் குடும்ப நாவல்களும் துப்பறியும் நாவல்களும். பத்து மணிக்குள் பாதி காலியாகிவிடும். மூன்றாவதில் "செவ்விலக்கியம்" என்று நானே எழுதி ஒட்டியிருந்தேன். ஓர் உறுப்பினர் அவசரத்தில் முதல் இரண்டு எழுத்தை மட்டும் படித்துவிட்டு, செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்தான் திறப்பீர்களா என்று கேட்டார். அதன் நடுத்தட்டில் ஒரு ருஷ்ய நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பு உட்கார்ந்திருந்தது. அறுநூறு பக்கம். பதினொரு வருடமாக வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஆண்டு விழாவில் ஒரு தடவை மைக் பிடித்து இருபது நிமிடம் பேசினேன். அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. நான் அதற்குச் செய்தது போதும்.

கலர் டி.வி. வந்த புதிது. சங்கத்துக்கு ஒரு டி.வி.யும் வீடியோ டெக்கும் வேண்டும் என்று செயலாளர் சுந்தரேசனுக்குத் தோன்றிவிட்டது. அறையில் இருந்தது ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட். அது மூன்றாவது அலமாரிக்குப் பின்னால். நான்கு மாதத்தில் வரும் ஆண்டுக் கூட்டத்துக்குள், அந்த அலமாரிப் புத்தகங்களை யாராவது படிக்கிறார்கள் என்று நான் நிரூபிக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. தவறினால் எல்லாம் பழைய பேப்பர்காரருக்கு, அதாவது பம்பாய்க்காரர்கள் சொல்லும் ரத்திவாலாவுக்கு. நிரூபணம் என்றால் புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டில் ரப்பர் ஸ்டாம்ப். ருஷ்ய நாவலின் சீட்டு ஒட்டிய நாளன்று இருந்த வெள்ளை மாறாமல் இருந்தது. கெஞ்சினேன். சுந்தரேசன் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "உங்க ருஷ்யாக்காரா மேல எனக்கு ஒரு விரோதமும் இல்லை ஸ்வாமி. அவாளுக்குப் பின்னாடி இருக்கே, அந்த ஓட்டைதான் வேணும்."

இரண்டுக்கு ஒன்று

குடும்ப நாவல் இரண்டு எடுத்தால் மூன்றாவது அலமாரியிலிருந்து ஒன்று எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டேன். ரேஷன் கடையில் சர்க்கரை கேட்டால் வேறு எதையோ தலையில் கட்டுவார்களே, அதே முறை. முதலில் மாட்டியவர் அலமேலு மாமி. வாரம் நான்கு நாவல் படிப்பவர். ருஷ்ய நாவலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

அடுத்த ஞாயிறே கொண்டுவந்துவிட்டார். அறுநூறு பக்கத்தை ஏழு நாளிலா என்று நான் வாயைப் பிளந்தேன். புத்தகத்தில் லேசாகப் பெருங்காய வாசனை அடித்தது. அதைத் தவிர வாசிப்பின் தடயம் எதுவும் இல்லை. எப்படி இருந்தது என்று கேட்டேன். மாமி யோசிக்கவே இல்லை: "நன்னாத்தான் இருக்கு. ஆனா அந்த ஊர்ல மனுஷா கம்மி, பேர்தான் ஜாஸ்தி."

முடிவு

செம்பூரிலிருந்து வரும் ராமநாதன் ஒரு வங்கியில் அதிகாரி. ரயிலில் காலையில் நின்றுகொண்டு போவார், மாலையில் ரயில் புறப்படும் இடமான வி.டி.யிலேயே ஏறுவதால் உட்கார்ந்து வருவார். ஆகவே படிப்பது மாலையில் மட்டும். கனமான புத்தகம் மடியில் இருந்தால் மூன்று பேர் இருக்கையில் நாலாவது ஆளாக யாரும் இடித்து உட்காருவதில்லை என்பதைக் கண்டுபிடித்து, ருஷ்ய நாவலை ஒரு மாதம் வைத்துக்கொண்டார். பதினைந்து நாளுக்கு ஒன்றாக எனக்கு இரண்டு ஸ்டாம்ப்.

திருப்பித் தந்தபோது உள்ளேயிருந்து அவருடைய ரயில் பாஸ் விழுந்தது. அடையாளத்துக்கு வைத்திருக்கிறார். அது விழுந்தது இருபத்து மூன்றாம் பக்கத்திலிருந்து. நான் அதைப் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. "பிரமாதம் சார், முடிவுதான் கொஞ்சம் சோகம்" என்றார். என்ன முடிவு என்று அப்பாவியாகக் கேட்டேன். பாஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "அதை நான் சொல்லிட்டா உங்களுக்கு சுவாரஸ்யம் போயிடுமே!"

நேர்மை

அதே செம்பூரிலிருந்து உஷா என்று ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். அப்பாவுக்கு அவள் தமிழ் படிக்க வேண்டும் என்று ஆசை. தேதிச் சீட்டைப் பார்த்துத்தான் நம்புவாராம். அப்பாவும் சுந்தரேசனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. நான் மொழியின் இனிமை பற்றி ஆரம்பித்தேன். இரண்டு நிமிடம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். நான்கு மாதத்தில் அந்த அலமாரியின் முன் நின்ற ஒரே யோக்கியமான ஆள் அவள்தான் என்று இப்போது தோன்றுகிறது. அவள் சொன்னது: "அங்கிள், புக் ரொம்ப பாரீ, தூக்கவே முடியல. ஸ்டாம்ப் மட்டும் போட்டுக் கொடுங்க, நான் அப்பாகிட்ட தூரத்துலேர்ந்து காட்டிடறேன், சலேகா, ஓகேதானே?"

போட்டுக் கொடுத்தேன். எனக்கும் ஸ்டாம்ப்தானே வேண்டியிருந்தது.

துக்கம்

மீரான் பாய் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கம். மூன்றாம் வகுப்போடு நின்றவர், வரிக்கு அடியில் விரல் வைத்து, உதடு அசையப் படிப்பார். சீக்கிரம் தீராத புத்தகமாக ஒன்று வேண்டும் என்று கேட்டு வந்தார். என்னிடம் அப்படிப்பட்டது ஒன்று இருந்தது. கதை இதுதான்: ஒரு மாவு மில்லுக்காக அண்ணனும் விதவைத் தங்கையும் பேச்சு வார்த்தை இல்லாமல் கோர்ட்டுக்குப் போகிறார்கள். இதைச் சொன்னதும் பாய் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். அவரும் அவர் அண்ணனும் ஒரே சந்தில் எதிரெதிராகப் பட்டறை வைத்து, ஆறு வருடமாக முகம் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை புதுப்பித்தால் போதும். அவர் ஒவ்வொரு ஞாயிறும் வந்து, பக்கத்து வீட்டுச் சேதி மாதிரிக் கதை சொல்லிவிட்டுப் போவார். "தங்கச்சிக்காரிக்கு ரோசம் ஜாஸ்தி சார்" என்பார். நான் எல்லாம் தெரிந்தவன்போலத் தலையாட்டுவேன். ஐந்தாவது ஞாயிறு முகம் தொங்கிப் போயிருந்தது. ஒரு நல்ல மனுசன் மௌத்தாயிட்டார், மூணு நாளா வேலை ஓடல என்றார். சாவுச் சேதி கேட்டு நான் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்து, "ரொம்ப நெருங்கின உறவா பாய்?" என்று விசாரித்தேன். பாய் என்னைச் சற்று விநோதமாகப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உறவா இருந்தாத்தானா சார், மனுசன்தானே."

டாக்டர்

இரண்டு வாரம் கழித்துப் புத்தகத்தை மேஜைமேல் வைத்து முதுகைப் பிரித்துக் காட்டினார். "தங்கச்சிக்காரி பனியில நடந்து போயி அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டுதா சார். பக்கத்தைத் திருப்புனா, மறுபடியும் அவ வீட்டுலேர்ந்து கிளம்புதா, மறுபடியும் நடக்கா, மறுபடியும் தட்டுதா. எனக்குத்தான் கோட்டி பிடிச்சு மூளை கலங்கிருச்சோன்னு நெனச்சேன். பொறவுதான் தையலைப் பார்த்தேன். ஒரே துண்டை ரெண்டு தடவை தச்சிட்டு அடுத்த துண்டை விட்டுட்டான்." தையல்காரர் கண்ணுக்குத் தப்பவில்லை. பதினாறு பக்கம் சேர்த்து மடித்த அச்சுத் தாளை ஃபாரம் என்பார்கள். பன்னிரண்டாவது ஃபாரம், 177 முதல் 192 வரை, இரண்டு முறை. பதின்மூன்றாவது ஃபாரம், 193 முதல் 208 வரை, கிடையாது. 209இல் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"கதவைத் தொறந்ததும் என்ன பேசினாங்க சார்? நீங்கதான் பல தடவை படிச்சிருக்கீங்கள்லா" என்றார் பாய். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அந்த நாவலில் நான் படித்தது முன்னுரை, முதல் அறுபது பக்கம், கடைசி அத்தியாயம். இருபது நிமிடப் பேச்சுக்கு அது தாராளம். அந்த அறுபது பக்கத்தில் கலகலப்பாக ஒரு டாக்டர் வருவார், அவரைப் பிடித்துக்கொண்டேன். கதவைத் திறந்தது டாக்டர், அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் உட்கார்ந்து சமாதானம் பேசியது டாக்டர், ஆளுக்கொரு கோப்பை டீ ஊற்றியதும் டாக்டர். பனி, கணப்பு, கண்ணீர் எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் நன்றாகவே சொன்னேன். பாய் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, எனக்கு வலிக்கக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "டாக்டரு நூத்தி நாப்பதாம் பக்கத்துலயே மௌத்தாயிட்டாருல்லா சார். நீங்ககூட எந்திச்சு நின்னு துக்கம் கேட்டீங்களே."

தாணே பிரதி

அந்தப் பதினாறு பக்கத்தைக் கொண்டுவந்து தருவதாக வாக்குக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? தாணேயில் இன்னொரு தமிழ்ச் சங்கத்தில் அதே நாவல் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை மாலை ரயிலேறினேன். இருந்தது. தேதிச் சீட்டில் இடமில்லாமல் ஸ்டாம்ப். அதன்மேல் இரண்டாவது சீட்டு வேறு ஒட்டியிருந்தார்கள். பொறாமையோடு 192ஆம் பக்கத்தைத் திருப்பினேன். தங்கைக்காரி மறுபடியும் வீட்டிலிருந்து கிளம்பினாள். ஒரே பைண்டர், ஒரே கட்டு.

அந்த நூலகர் என்னைப் போலவே கௌரவமானவர். இத்தனை பேர் படித்தும் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லையா என்று கேட்டேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது: "எங்க மெம்பர்ஸ் எல்லாம் டீசன்ட் ஆளுங்க சார், புஸ்தகத்துக்கு உள்ளே வரைக்கும் போய் குத்தம் கண்டுபிடிக்க மாட்டாங்க."

ஆண்டுக் கூட்டம்

மூன்றாவது அலமாரியை அகற்றும் தீர்மானத்தை சுந்தரேசன் கொண்டுவந்தார். நான் ருஷ்ய நாவலைச் சீட்டுப் பக்கமாக உயர்த்திப் பிடித்து ஸ்டாம்புகளைக் காட்டினேன். "ஸ்டாம்ப் இருக்கு, படிச்சாளா?" என்றார் சுந்தரேசன். மாமி உட்பட ஏழெட்டுக் கைகள் ரோஷத்தோடு உயர்ந்தன. அப்போது கடைசி வரிசையில் மீரான் பாய் எழுந்தார். நான் புத்தகத்தை மேஜைமேல் வைத்தேன். "படிச்சவங்க யாராவது சொல்லுங்க. தங்கச்சிக்காரி கதவைத் தட்டினதும் என்ன நடந்துச்சு?" என்றார். மாமி, அங்கேதான் கல்யாணம் என்றார். ராமநாதன், அந்த இடம் ரொம்ப சோகம் என்றார். இன்னொருவர் வெள்ளம் வந்ததாகச் சொன்னார். பாய் மேஜையிலிருந்த புத்தகத்தை எடுத்து விரித்து, அந்த இடத்தில் பக்கமே இல்லை என்பதை வரிசை வரிசையாகக் காட்டிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்தபோது நிற்காமல் தாண்டிப் போனார்.

"அலமாரியை எடுத்துடலாம்னு நினைக்கறவா கை தூக்குங்கோ" என்றார் சுந்தரேசன். ஒரு கைகூட உயரவில்லை. அந்த நிமிடத்தில் கை தூக்குபவன் தான் படிக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறான். அலமாரி பிழைத்தது. சுந்தரேசன் நீளமான ஒயர் ஒன்று வாங்கி, டி.வி.யை அதன் தலையிலேயே ஏற்றி வைத்தார்: "இனிமே எல்லாரும் செவ்விலக்கியத்தையே பார்த்துண்டு உட்கார்ந்திருப்பா, திருப்திதானே உங்களுக்கு?"

பதினைந்து நாள்

எல்லோரும் போன பிறகு மீரான் பாயிடம் தாணே கதையைச் சொல்லி, பதினாறு பக்கம் கிடைக்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டேன். "இனி வேண்டாம் சார். போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வரும்போது நானே அண்ணன் பட்டறைக் கதவைத் தட்டிட்டேன்" என்றார். திறந்தாரா என்றேன். "தொறந்தாரு. டீ வாங்கிட்டு வரச் சொன்னாரு." என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

பிறகு என் மேஜையிலிருந்த பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, எழுத்துக் கூட்டி, என் பெயரை எழுதினார். ரப்பர் ஸ்டாம்பை எடுத்து மையில் ஒற்றி, ருஷ்ய நாவலின் சீட்டில் ஓங்கி ஒரு குத்து. பதினொரு வருடத்தில் அதில் என் பெயருக்கு விழுந்த முதல் ஸ்டாம்ப். புத்தகத்தை என் கையில் வைத்துச் சொன்னார்: "பதினஞ்சு நாள் சார். தட்டுற இடம் வரைக்கும் படிச்சிட்டு வாங்க, அந்தப் பதினாறு பக்கத்தை நான் சொல்லுதேன். ஆனா அதுல டாக்டரு கிடையாது, பார்த்துக்கிடுங்க."

இரண்டு தடவை புதுப்பித்து 192ஆம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். ஒரு நாவலைப் பாதியில் மூடியதற்குப் பழியை பைண்டர்மேல் போட முடிந்தது என் வாசக வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.