கேட்காததையும் எழுதிய தட்டச்சுக்காரி

எங்கள் மாடிவீட்டுத் தட்டச்சுக்காரிக்குப் பாம்புக்காது. எறும்பு தும்மினால், எந்த எறும்பு என்று சொல்லிவிடுவாள். இதற்கு நான் கண், காது, மூக்கு வைக்கவேண்டிய தேவையே இல்லை. அவள் புருஷனைக் கேளுங்கள். அடுத்த அறையில் மனதுக்குள் முணுமுணுத்ததற்கெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

குழந்தைகள் நலக் குழு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. இல்லங்களில் வளரும் பிள்ளைகளைப் பற்றிக் குழு கூடிப் பேசும். யார் என்ன பேசினாலும் பிசகாமல் தட்டச்சு செய்து, முடிவில் உரக்கப் படித்துக் காட்டவேண்டும். அதன்பிறகுதான் தலைவர் கையெழுத்திடுவார். அவள் படிக்கும் நேரத்தில் மற்றவர்கள் கைப்பையைத் தேடுவார்கள், கொட்டாவி விடுவார்கள்.

அன்றைக்கு வந்தது ஓர் அக்கா தங்கையின் கோப்பு. மூத்தவளுக்குப் பதினாறு, சின்னவளுக்கு ஒன்பது. ஐந்து வருஷமாக ஒரே இல்லத்தில் அடுத்தடுத்த கட்டில்காரிகள். பதினாறு ஆனவர்களைப் பெரிய பிள்ளைகளுக்கான இல்லத்துக்கு அனுப்புவது வழக்கம். அது நாலு மணி நேர பஸ் பயணத் தூரத்தில் இருந்தது.

நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூத்தவள், உள்ளே போன தட்டச்சுக்காரியை நிறுத்தினாள்.

"அக்கா, என்னைக் கூப்பிடுவாங்களா?"

"கூப்பிடணும்."

"போன தடவையும் இப்படித்தான் உக்காந்திருந்தேன். கதவைப் பூட்ட வந்தவர்தான், 'நீ இன்னும் போகலையா'ன்னு கேட்டார். தங்கச்சியை விட்டுட்டுப் போக மாட்டேன்கா. அதை மட்டும் சொல்லிட்டாப் போதும்."

தட்டச்சுக்காரி தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அந்தக் குழுவில் அவளுக்கு விரல் உண்டு, வாய் கிடையாது.

உள்ளே இல்லக் காப்பாளர் அம்மாள் பேசினார், ஆலோசகர் பேசினார், கல்வி அதிகாரி பேசினார். எல்லாமே "அவ நல்லதுக்குத்தான்". நடுவே தலைவரின் முழங்கால் வலியும் வந்து போனது. மூத்தவளை மாற்றிவிடலாம் என்று முடிவாகி, தலைவர் பேனா மூடியைக் கழற்றினார்.

"சீக்கிரம் படிம்மா."

படித்தாள். முழங்கால் வந்ததும் தலைவர் நிமிர்ந்தார்.

"இதெல்லாமா எழுதுவாங்க?"

"யார் என்ன பேசினாலும் எழுதணும்னு நீங்கதான் சார் சுற்றறிக்கை விட்டீங்க."

கல்வி அதிகாரி சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். அவள் தொடர்ந்தாள். "தலைவரின் முழங்கால் பற்றி ஏழு நிமிடம். தைலம் பரிந்துரைக்கப்பட்டது. சிறுமியின் விருப்பம் பற்றிப் பேச்சு இல்லை. சிறுமி அழைக்கப்படவில்லை. வெளியே பெஞ்சில் இருக்கிறாள்."

மின்விசிறியே ஒரு சுற்று மறந்துவிட்டதாம்.

"அந்தக் கடைசி வரிகளை எடுத்துடும்மா" என்றார் காப்பாளர் அம்மாள், மெல்ல.

"எடுத்துடறேன்மா. 'எடுக்கச் சொன்னார்'னு ஒரு வரி சேர்க்கணும். பரவாயில்லையா?"

தலைவர் அவளை உற்றுப் பார்த்தார். "உனக்கு ஏம்மா இவ்வளவு அக்கறை?"

"நானும் இல்லத்துப் பிள்ளைதான் சார். வேலைக்குச் சேர்ந்ததும் என் கோப்பைத் தேடிப் படிச்சேன். 'சிறுமிக்கு ஆட்சேபணை இல்லை'ன்னு இருந்துச்சு. என்னை யாரும் கேக்கவே இல்லை."

தலைவர் பேனாவை மூடினார். "அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க."

மூத்தவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஆலோசகர் ஏதோ எடுத்துக்கொடுக்கப் போனார். தட்டச்சுக்காரி விசைகள்மேல் விரலை வைத்தபடி அவரைப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார்.

"அவளுக்கு இடின்னா பயம் சார். என் கட்டிலுக்கு ஓடி வந்துடுவா. நாலு மணி நேரம் பஸ்ல நான் வந்து சேர்றதுக்குள்ள மழையே நின்னுடும். எங்களைப் பிரிக்கக் கூடாது."

விரல்கள் ஓடின.

பெரிய பிள்ளைகளுக்கான இல்லத்தில் ஒன்பது வயதைச் சேர்க்க மாட்டார்களாம். "அப்போ பெரியவ இங்கேயே இருந்தா என்ன குடி முழுகிடும்?" என்றார் ஆலோசகர்.

"கட்டில் சின்னதுங்க. இவ காலு வெளியே நீட்டுது" என்றார் காப்பாளர் அம்மாள்.

"மடக்கிக்கறேன்மா!"

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "மடக்க வேணாம்டி. நீளமான கட்டில் கேட்டு எழுதறேன்."

பதினெட்டு வயதுவரை இப்போதைய இல்லத்திலேயே இருக்கட்டும் என்று தலைவர் முடிவை வாய்மொழியாகச் சொன்னார். தட்டச்சுக்காரி அவர் சொன்னபடியே அடித்துப் படித்துக் காட்டினாள். "இயன்றவரை சேர்த்து வைக்குமாறு சிறுமி கேட்டுக்கொண்டதால்..."

"நான் 'இயன்றவரை'ன்னு சொல்லலையே" என்றாள் மூத்தவள். "பிரிக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

தலைவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "அவ சொன்ன மாதிரியே போடும்மா."

போட்டாள். தலைவர் கையெழுத்திட்டுத் தாளை நகர்த்தினார்.

"நான் எங்க போடணும்?" என்றாள் மூத்தவள்.

படிவத்தில் அதற்கு இடமே இல்லை. தட்டச்சுக்காரி ஸ்கேலை எடுத்து, தலைவர் பெயருக்குக் கீழே ஒரு கோடு கிழித்தாள். பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். கையெழுத்து கோட்டைத் தாண்டி, தலைவர் பெயரின் தலைமேலேயே ஏறி நின்றது.