வார்டக்காவும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

மருத்துவமனையில் எல்லோரும் அவளை வார்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குழந்தைகள் வார்டில் பத்தொன்பது வருடமாக உதவியாளர் வேலை. ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் பிள்ளையைத் தாஜா செய்து வெளியே கொண்டுவருவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கல்யாணப் பேச்சை எடுத்தால், "தினம் முப்பது பிள்ளைங்களுக்கு மூஞ்சி கழுவிவிடறேன், இன்னும் எத்தனை வேணும்?" என்று சிரித்து மழுப்பிவிடுவாள்.

அவளுடைய அக்காவும் அக்கா கணவரும் ஒரே சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய பன்னிரண்டு வயதுப் பெண் சித்தியின் ஒற்றை அறை வீட்டுக்கு வந்தாள். எட்டு மாதம் கழித்து, பிள்ளை தன்னிடம்தான் வளர வேண்டும் என்று பெண்ணின் பெரியப்பா நீதிமன்றத்துக்குப் போனார். அவரும் கெட்டவர் இல்லை. தம்பியை இழந்த மனிதர்.

வழக்குத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தவளுக்கு ஒரு சொல் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. வேலையிடத்தில் தலைக்கு மேலே பலகையில் தினமும் பார்க்கிற சொல். அது பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது.

விசாரணையன்று, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரைத் தாழ்வாரத்தில் பிடித்துக்கொண்டாள்.

"எங்க பொண்ணை எதுக்கு சார் வார்டுன்னு எழுதியிருக்கீங்க? அவளுக்கு ஒரு நோயும் இல்லை."

அவர் சிரிக்கவில்லை. "இது ஆஸ்பத்திரி வார்டு இல்லம்மா. ஒருத்தர் பொறுப்புல இருக்கற பிள்ளைக்கும் இங்கிலீஷ்ல அதே சொல்தான். ரொம்பப் பழைய சொல். முதல்ல அதுக்குக் காவல்னு அர்த்தம். காவலுக்காக ஊரைப் பிரிச்ச பகுதிக்கும் அந்தப் பேர் வந்துச்சு. நாம ஓட்டுப் போடற வார்டு அதுதான். ஜெயில்லயும் வார்டு உண்டு. கார்டுன்னு சொல்றோமே, காவல்காரர், அதுவும் இதுக்குக் கூடப்பிறப்புதான். பிரான்ஸ் பக்கம் சுத்திட்டு வந்ததால உருவம் மாறிப்போச்சு."

"அப்போ ஜெயில்ல அடைக்கறதும் இதுதான், பிள்ளையைப் பாத்துக்கறதும் இதுதானா?"

"ஆமாம்மா" என்றவர், கூப்பிட்ட குரலுக்கு உள்ளே போய்விட்டார்.

அந்த 'ஆமா' அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஏனென்றால், பள்ளி இல்லாத நாட்களில் வேலைக்குப் போகும்போது அவள் பெண்ணை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் போவாள். பள்ளிச் சுற்றுலாவுக்கு விடவில்லை. பெரியப்பா வீட்டுக்குக்கூட அனுப்பவில்லை. சாலையைக் கடந்தால் இவளும் போய்விடுவாளோ என்று பயம்.

பெரியப்பாவின் வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்தார். "பிள்ளையை வெச்சுப் பூட்டிட்டுப் போறீங்களாமே?"

இல்லை என்று சாதிக்கத்தான் அவள் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியும் சாட்சி சொல்லத் தயாராக வந்திருந்தாள்.

"ஆமாங்க, பூட்டினேன்" என்றாள் வார்டக்கா. "பத்திரமா பாத்துக்கறதா நெனச்சேன். அடைச்சுத்தான் வெச்சிருந்தேன். தப்புதான்."

காரியம் கெட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி தலையில் கைவைத்தாள். நீதிபதியம்மா, பெண்ணைப் பார்த்தார். "நீ எங்கேம்மா இருக்கணும்னு நெனைக்கறே?"

பெண் எழுந்து நின்றாள். "சித்திகிட்டயே இருக்கேன். ஒரு சாவி எங்கிட்டயும் இருந்தா போதும். பெரியப்பா வீட்டுக்கும் போகணும். அங்க அப்பா போட்டோ நிறைய இருக்கு."

பெரியப்பா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பதினெட்டு வயதுவரை சித்தியின் பொறுப்பு, சனிக்கிழமைகள் பெரியப்பாவோடு என்று தீர்ப்பாயிற்று. படியிறங்கும்போது அவர்தான் முதலில் பேசினார். "சனிக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு வரட்டுமா?"

"சாப்பிட்டுட்டு வந்துராதீங்க. நம்ம வீட்டுல சாப்பிடலாம்" என்றாள்.

முதல் சனிக்கிழமை, இருவரும் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றாள். பின்னாலேயே ஓடலாமா என்று கால் பரபரத்தது. ஓடவில்லை. உள்ளே வந்து, கதவை வெறுமனே சாத்திவிட்டு, பெண்ணின் சீருடைகளை ஊறவைத்தாள்.