தோடம்பழக் கம்பனியில் மனேச்சராக இருந்த அப்பா

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் கண்ணீரோடு சில வரிகளை எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வருகிறது. அவரோடு ஒருமுறையாவது இருந்து தேநீர் குடித்தவர்கள் அதைப் பிழையாக எடுக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அப்பா சாவகச்சேரியில் ஆறு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தார். அன்று தொடக்கம் அவரைக் குளிப்பாட்டி, தலை இழுத்து, பள்ளிக்கு அனுப்பி, குழப்படி செய்தால் முதுகில் இரண்டு போட்டு வளர்த்தவர் அவருடைய மூத்த அக்கா. எங்களுக்குப் பெரிய மாமி. அப்பாவுக்குக் கடவுள் பயம் இருந்தது. மாமிப் பயம் அதைவிடக் கூட இருந்தது. மாமி கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போன பிறகும் அந்தப் பயம் தொலைபேசி வழியாகத் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கெழுதும் எழுதுவினைஞராக இருந்த அப்பா 1991 இல் இத்தாலிக்கு, சிசிலித் தீவில் உள்ள பலேர்மோவுக்கு வந்தார். முதல் குளிர்காலம் சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் என்னும் சின்ன ஆரஞ்சுத் தோடம்பழம் பிடுங்கினார். ஏணியில் நின்று கால் வீங்கிக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி தொலைபேசியில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்.

“தோடம்பழக் கம்பனியிலை, அக்கா.”

“மனேச்சரோ?”

அந்தக் கேள்வியில் இருந்த ஆசையைக் கேட்டதும் அப்பாவுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லையாம். “ஓம்” என்றுவிட்டார்.

அந்த ஒரு ‘ஓம்’ எங்கள் வீட்டைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அடுத்த வருடமே அப்பா தோட்டத்தை விட்டு, பொலிதேயாமா தியேட்டருக்குப் பக்கத்தில், சின்யோரா என்று நாங்கள் சொல்லும் ஒரு இத்தாலிய அம்மையாரின் வீட்டில் கூட்டித் துடைத்து, துணி தோய்த்து, அயன் பண்ணும் வேலைக்குச் சேர்ந்தார். கடைசிவரை அந்த வேலைதான் எங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் கனடாவில் அவர் மனேச்சர். வருடத்துக்கு ஒருமுறை கழுத்துப்பட்டி கட்டி, பொலிதேயாமா தியேட்டருக்கு முன்னால் நின்று எடுத்த படம் மாமிக்குப் போகும். தொலைபேசியில் எதைச் சொல்ல வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்பது அம்மாவுக்கும் எனக்கும் மனப்பாடம். அந்தப் படங்களைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருப்பதாக மாமி பெருமையாகச் சொன்ன அன்று அம்மா தலையில் கைவைத்தபடி இருந்துவிட்டார்.

2006 இல் நான் படிப்புக்காக ஆறு மாதம் ஸ்பெயினில், வலென்சியாவில் இருந்தேன். என் ஈஸ்டர் விடுமுறைக்கு மாமி எங்களைப் பார்க்க வருகிறார் என்றதும் அப்பாவுக்கு நித்திரை போனது. வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலக வாசலில் நிற்கும் அதே பொறுமையோடு ரயில் நேரங்களை எழுதி ஒரு பயணம் வகுத்தார். மாமி பார்சலோனாவில் வந்து இறங்குவார். மாமி, அப்பா, அம்மா, நான் என்று நாலுபேரும் மார்செய், நீஸ், ஜெனோவா என்று சுற்றுவோம். மாமி ஜெனோவாவிலிருந்தே கனடா போய்விடுவார். அக்காவுக்கு ஐரோப்பாவைக் காட்டப் போவதாக அப்பா எல்லோரிடமும் சொன்னார். பலேர்மோவைக் காட்டாமல் விடத்தான் இவ்வளவு பாடும் என்பது எங்களுக்குத் தெரியும்.

பார்சலோனா ஹோட்டலில் முதல்நாள் காலை மாமி கீழே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தார். தன் அறைக் கதவைத் திறந்தவர் பிழையான அறைக்கு வந்துவிட்டேன் என்று திரும்பிப் போய்விட்டார். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. குளியலறைக் கண்ணாடி பளபளத்தது. துப்பரவு செய்ய வந்த பெண்ணோ இந்த அறையில் ஒருவரும் தங்கவில்லையா என்று என்னிடம் கேட்டாள்.

“தம்பி, உனக்கு எப்ப துவக்கம் இந்தப் பழக்கம்?” என்றார் மாமி.

“கம்பனியிலை ஒழுங்கு முக்கியம், அக்கா.”

நீஸில் மாமியின் பட்டுச்சேலையில் தக்காளிக் குழம்பு கொட்டியது. அப்பா யோசிக்கவே இல்லை. உப்பும் சோடாவும் கேட்டு வாங்கி, துணியைக் கீழே கொடுத்து ஒற்றி ஒற்றி, ஐந்தே நிமிடத்தில் கறையை எடுத்துவிட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டினார்கள். மாமி சேலையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். “மனேச்சர்மாருக்கு இதுவும் படிப்பிக்கிறவையோ?” என்று மட்டும் கேட்டார். சிரிப்பை அடக்கத் தண்ணீரைக் குடித்த எனக்குப் புரையேறியது.

எனக்கு அப்பாவில் கோபமும் இருந்தது. இவ்வளவு நல்ல வேலைக்காரர் ஏன் ஒளிக்க வேண்டும் என்று நினைத்தேன். அதே நேரம், வலென்சியாவில் கூடப் படித்தவர்கள் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டபோது நானும் தோடம்பழக் கம்பனி என்றுதான் சொல்லியிருந்தேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

ஜெனோவாவில் திட்டம் கவிழ்ந்தது. “உன்ரை வீட்டிலை ஒரு மிடறு தண்ணி குடிக்காமல் நான் பிளேன் ஏறமாட்டன்” என்று மாமி பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். டிக்கெட்டை மாற்றிக்கொண்டு பலேர்மோவுக்குக் கப்பல் ஏறினோம். கடல் எண்ணெய் விட்டதுபோல் அமைதியாக இருந்தது. அப்பா மட்டும் வழி முழுவதும் வாந்தி எடுத்தார்.

வியா மக்வேதாத் தெருவுக்கு உள்ளே இருந்த எங்கள் இரண்டு அறை வீட்டை மாமி மூலை மூலையாகச் சுற்றிப் பார்த்தார். மறுநாள் காலை, “படத்திலை உனக்குப் பின்னாலை நிக்கிற வட்டக் கட்டடம் எங்கை? அங்கை கூட்டிக்கொண்டு போ” என்றார். அப்பாவால் மறுக்க முடியவில்லை. தானே அனுப்பிய படமாயிற்றே.

பொலிதேயாமா தியேட்டருக்கு எதிரே ஒரு கடையில் கோப்பி குடிக்க உட்கார்ந்தோம். அடுத்த மேசையில் எண்பது வயது கடந்த ஒரு அம்மையார் ஊன்றுகோலோடு எழுந்து, கடை அதிர அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சின்யோராவேதான். தட்டித் தட்டி வந்து, ஊன்றுகோலை எங்கள் மேசையில் சாத்திவிட்டு அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு இத்தாலியனில் கொட்டத் தொடங்கினார். அப்பா போய்ப் பத்து நாளாக வீடு வீடாக இல்லையாம். பதிலுக்கு வந்த ஆள் நல்ல மேசைவிரிப்பை அயன்பெட்டியால் சுட்டுவிட்டாராம். இப்படி ஒரு மனிதர் பலேர்மோ முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாராம்.

“என்னவாம்? சொல்லு பிள்ளை” என்றார் மாமி.

அப்பாவின் முகம் வெளுத்திருந்தது. “இவதான் கம்பனிச் சொந்தக்காரி, மாமி. அப்பா இல்லாமல் கம்பனி ஓடேல்லையாம்” என்றேன்.

மாமிக்கு விளங்கவில்லையோ என்று சின்யோரா கவலைப்பட்டிருக்க வேண்டும். அப்பா துணியை நீவி அயன் பண்ணுவதையும், தடியால் நிலம் துடைப்பதையும், எட்டி எட்டி யன்னல் கண்ணாடி துடைப்பதையும் சின்யோரா நின்ற இடத்திலேயே நடித்துக் காட்டினார்.

மாமி நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “தோடம்பழத்தை அயன் பண்ணித்தான் அனுப்புறவையோ?” என்று கேட்டார்.

நான் அடுத்த பொய்க்கு வாயைத் திறந்தேன். அப்பா என் தோளில் கைவைத்தார். “காணும், பிள்ளை, போதும்” என்றவர் மாமியின் பக்கம் திரும்பினார்.

“அக்கா, நான் மனேச்சர் இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை. இந்த மனுசியின்ரை வீட்டைத்தான் கூட்டித் துடைக்கிறன்.”

மாமி கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவருடைய கண் நிறைந்துவிட்டது.

“அம்மா செத்தாப் பிறகு உன்னை இடுப்பிலை காவினவள் நான். எனக்குப் பயந்தே பதினைஞ்சு வருசம் படம் பிடிச்சு அனுப்பினனி?”

“உங்களுக்குப் பெருமையாய் இருக்கட்டும் எண்டுதான், அக்கா.”

இரண்டு பேரும் அழுதார்கள். என்ன பிழை செய்தோம் என்று தெரியாமல் சின்யோரா இரண்டு பேருக்கும் கடதாசித் துவாய் எடுத்துக் கொடுத்தார். மாமி முகத்தைத் துடைத்தார், சேலைத் தலைப்பைச் சரிசெய்தார், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பிள்ளை, இந்த மனுசிக்கு வடிவாய்ச் சொல்லு. இவனுக்குத் தும்புத்தடி பிடிச்சு வீடு கூட்டப் பழக்கினது நான்தான் எண்டு சொல்லு. ஒரு சொல்லும் விடாதை.”

ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். சின்யோரா மாமியின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு எங்களை அப்படியே தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். மாமி கதவு நிலையின் மேலே விரலால் தடவிப் பார்த்தார். தூசி இல்லை. “அலுமாரிக்குப் பின்னாலை இன்னும் கொஞ்சம் கவனிக்கலாம்” என்றார். அன்று பின்னேரமே எங்கள் தொலைபேசியிலிருந்து கனடாவில் உள்ள சொந்தக்காரர் எல்லோரையும் ஒவ்வொருவராக அழைத்து, தம்பி மனேச்சர் இல்லை என்ற செய்தியை மாமியே சந்தோசமாக அறிவித்தார். அப்பா பக்கத்தில் இருந்து வெட்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு இலேசான முகத்தோடு நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. திரும்பிப் போன முதல் வாரமே வலென்சியாவில் நானும் உண்மையைச் சொன்னேன். ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை.

அதன்பின் இரண்டு வருடம்தான் அப்பா எங்களோடு இருந்தார். நோய் கண்டது முதல் முடிவு வரை நாலு மாதம். கட்டிலிலும் பகிடி விட்டார். கனடாவிலிருந்து வந்து கடைசி மூன்று வாரமும் தம்பிக்குத் தன் கையால் கஞ்சி ஊட்டிய மாமிக்கும், ஊன்றுகோலோடு மருத்துவமனைப் படியேறி வந்து அவருடைய கையைப் பிடித்தபடி இருந்த சின்யோராவுக்கும், முறைவைத்துச் சமைத்துக் கொண்டுவந்த பலேர்மோத் தமிழ்க் குடும்பங்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அனைவருக்கும் அம்மாவும் நானும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

இம்மலரின் முதற்பக்கத்தில் அப்பாவின் படத்துக்குக் கீழே ‘பலேர்மோவில் வீட்டு வேலை செய்தவர்’ என்று அச்சிட்டிருக்கிறோம். ‘முன்னாள் எழுதுவினைஞர்’ என்று போட்டிருக்கலாமே என்று சிலர் அன்போடு சொன்னார்கள். அந்த வரி மாமி சொல்லச் சொல்ல நான் எழுதியது. மாற்ற வேண்டும் என்று நினைப்பவர்கள் மாமியிடமே நேரில் கதைக்கலாம். அதற்குத் துணிவு வரக் கொஞ்சம் காலம் எடுத்தால் கவலைப்பட வேண்டாம். அப்பாவுக்குப் பதினைந்து வருடம் எடுத்தது.