பிளேன் ஞானத்தின் சைக்கிள் பாதை

மொன்றியலில் ஞானேந்திரன் என்று விசாரித்தால் எந்த ஞானேந்திரன் என்று திருப்பிக் கேட்பார்கள். பிளேன் ஞானம் என்றால் உடனே விளங்கும். கோயில் வாசலில் நிற்கிற எவரும் விரலை வானத்துக்கு உயர்த்திக் காட்டிவிட்டுச் சிரிப்பார்கள். அவரிடம் பிளேன் இருந்ததில்லை. ஓட்டவும் தெரியாது. வாழ்க்கையில் அவர் பிளேன் ஏறியது கொழும்பிலிருந்து வந்த அந்த ஒரு பயணம்தான், அதையும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டே முடித்தார். அவரிடம் இருந்தது பிளேன் நிறுத்துகிற வீடு மட்டும்தான்.

விமான நிலையம் இருக்கிற டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடத்தில் அவருக்கு வேலை. தட்டிலே கோழித்துண்டுக்குப் பக்கத்தில் மூன்று போஞ்சிக்காய் வைக்க வேண்டும். நாலாவது வைத்தால் சுப்பர்வைசர் கூப்பிடுவார். இப்படியே பதினொரு வருசம். குடியிருந்ததும் டோர்வலில்தான், மூன்றாம் மாடியில். அங்கே பிளேன்கள் கூரையைத் தடவிக்கொண்டு போகும். மனைவி செலீன் சிலுவை அடையாளம் போடத் தொடங்கி ஆமென் சொல்வதற்குள் இரண்டு போய்விடும். அவளுக்குத் தீராத தலையிடி.

"பிளேன் சத்தம் கேளாத இடமாப் பாருங்கோ. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்" என்றாள்.

கூடவே ஒரு எச்சரிக்கையும் சொல்லி வைத்தாள். அதற்கு முந்தைய வருசம், நல்ல தண்ணீர் கேட்டு அரசாங்கத்துக்குப் போகிற மனு என்று நினைத்து, வாசலில் நின்ற ஒரு பெடியனின் கடுதாசியில் ஞானேந்திரன் கையெழுத்துப் போட்டிருந்தார். பத்தாம் நாள் தண்ணீர் வடிகட்டுகிற மெசின் வந்து இறங்கியது. இரண்டு மெசின். "இனி ஒருக்கா விளங்காமல் கையெழுத்து வைச்சியளெண்டால், பேந்து இந்த வீட்டிலை பேனை என்ரை கையிலைதான்" என்றாள் செலீன். போஞ்சிக்காயைக்கூடச் சுப்பர்வைசர் எண்ணிப் பார்க்கிற ஒரு மனிதனுக்கு, வீட்டுக் கடுதாசிகளில் போடுகிற கையெழுத்துத்தான் மிச்சமிருந்த ராச்சியம். அதை இழக்க அவர் தயாராக இல்லை.

2004 மாசி மாதம் பேப்பரில் அந்த விளம்பரத்தைக் கண்டார். பிரெஞ்சில் இருந்தது. மூன்று மாத மாலை வகுப்பின் துணையோடு இறங்கினார். பெரிய 'அங்கார்' உண்டு, 'பீஸ்த்'துக்கு நேரடி வழி உண்டு. இரண்டும் அவருக்குத் தெரிந்த சொற்கள். மொன்றியலின் பின்சந்துகளில், பழைய வீடுகளோடு ஒட்டிக்கொண்டு தகரக் கொட்டில்கள் நிற்குமே, அதுதான் அங்கார். லாசாலில் ஆற்றங்கரையோரம் சைக்கிள் படத்தோடு பலகை நடப்பட்டிருக்குமே, அந்தச் சைக்கிள் பாதைதான் பீஸ்த். ஆக, தட்டுமுட்டுச் சாமான் போட ஒரு கொட்டில், பின்னாலே ஒரு சைக்கிள் பாதை, சுற்றிவர வயல். இதைவிட அமைதி வேறென்ன வேண்டும்? ஒரே சொல் சைக்கிளுக்கும் பிளேனுக்கும் பொதுவாக இருக்கும் என்று மாலை வகுப்பில் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

பாலம் கடந்து ஒரு மணித்தியால ஓட்டம். போய்ப் பார்த்தபோது எல்லாம் வெள்ளை. பனி ஒரு நாகரிகமான பொய்யன், எதையும் மறைக்கிறேன் என்று சொல்லாமலே மறைத்துவிடும். வீட்டின் இருபக்கமும் மற்ற வீடுகள், பின்னாலே ஒரு நீண்ட வெளி, ஒரு சத்தமில்லை. செலீன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வீடு விற்கிற மதாம் ஞானேந்திரனிடம் சிரித்துக்கொண்டே, "வூ வொலே, முசியே?" என்று கேட்டாள்.

வொலே என்றால் களவெடுப்பது. வகுப்பில் கள்ளனைப் பற்றிய பாடத்தில் வந்தது. வீடு பார்க்க வந்தவனிடம் களவெடுப்பாயோ என்று கேட்கிறாளே என்று ஞானேந்திரனுக்குச் சுருக்கென்றது. நிறத்தைப் பார்த்துக் கேட்கிறாள், போகட்டும் என்று மன்னித்தார். "நோன், நோன்! ஜமே!" என்று இரண்டு கையையும் ஆட்டி மறுத்தார். அந்தச் சொல்லுக்குப் பறப்பது என்றும் ஒரு பொருள் இருப்பது தெரியாமல், தான் ஒருநாளும் பறக்கமாட்டேன் என்ற முழு உண்மையை அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

கையெழுத்து வைக்கிற நாளில் மகள் ஜெசிக்காவுக்குக் கொப்பளிப்பான். செலீன் வரவில்லை. உறுதி எழுதுகிற நொத்தாரிஸ் முப்பத்தொரு பக்கத்தையும், அந்த நாட்டு முறைப்படி, சத்தமாக வாசித்தார். ஞானேந்திரன் சரியான இடங்களில் ஓம் என்பதற்கு 'வீ' சொன்னார்.

"எல்லாம் கேட்டனியளோ?" என்றாள் செலீன், அவர் வீடு திரும்பியதும்.

"ஓம், எல்லாம் கேட்டனான்."

அது பொய்யில்லை. முப்பத்தொரு பக்கமும் அவருடைய காதில் விழுந்திருந்தது.

அவர்கள் குடிபோன சித்திரையில் பனி கரைந்தது. பின்வளவுக்கு அங்காலே கறுப்புத் தார் கொஞ்சம் கொஞ்சமாக வெளியில் வந்தது. அதன் அகலத்தைக் கண்டு ஞானேந்திரன் கெபெக் அரசாங்கத்தை மனதாரப் பாராட்டினார். சைக்கிள்காரனுக்கு இவ்வளவு மரியாதை எந்த நாட்டில் கொடுப்பார்கள்? தாரில் பெரிதாக 24 என்று எழுதியிருந்தது. வேகக் கட்டுப்பாடு என்று எண்ணிக்கொண்டார்.

தார் முழுதாகத் தெரிந்த முதலாவது சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் செலீன் குசினி யன்னலில் நின்று கூப்பிட்டாள். "இஞ்சருங்கோ, உங்கடை சைக்கிள் பாதையிலை பிளேன் ஒண்டு வருது."

மஞ்சள் பிளேன் ஒன்று இறங்கி, உருண்டு, பக்கத்து வீட்டுக் கொட்டிலுக்குள் கார் போவதுபோலப் போய் நின்றது. பக்கத்து வீட்டுக்கு அங்காலே இன்னொரு கொட்டில் திறந்தது. அதற்குள்ளும் ஒன்று. அந்தத் தெருவில் பிளேன் இல்லாத வீடு அவர்களுடையது மட்டும்தான்.

செலீன் மெல்லத் திரும்பினாள். அந்தப் பார்வையில் இரண்டு தண்ணீர் மெசினும் இருந்தன. ஞானேந்திரனுடைய வாய் அவரைக் கேளாமலே திறந்தது.

"தெரியும். அதுக்குத்தானே வாங்கினது. நான் பிளேன் ஓட்டப் பழகப்போறன்."

"நீங்களோ?"

"ஏன், ஆக்கள் பழகிறேல்லையோ?"

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனபோது செலீன் அதைப் பெருமையாகவே நாலு பேருக்குச் சொன்னாள். சமையற்கூடத்தில் கூட வேலை செய்கிற அருமைராசா அன்றைக்கே ஞானேந்திரனுக்குப் பட்டம் கட்டினான். "பிளேன் ஞானம்! முன் சீற் எனக்குத்தான் மச்சான், இப்பவே சொல்லிப்போட்டன்."

அதிலிருந்து மூன்று வருசம். நூலகத்திலிருந்து எடுத்த விமானம் ஓட்டுகிற புத்தகம் சோபாவில் கிடந்தது. நித்திரை வராத நாட்களில் அது நன்றாக உதவியது. எப்ப பிளேன் என்று கேட்டால் வாற வருசம் என்பார்.

அங்கே இருப்பதில் நன்மைகள் இல்லையென்று பொய் சொல்லக்கூடாது. களவுப் பயமில்லை. கள்ளன் வந்தாலும் பிளேனில்தான் வரவேண்டும் என்கிற அளவுக்குத் தூரம். பஸ் இல்லை, ஆகவே சொந்தக்காரர் சொல்லாமல் வரமுடியாது; இதைச் செலீன் நன்மைப் பக்கம்தான் சேர்த்தாள். தெருமுனைப் பலகையில் 'விமானங்களுக்கு வழிவிடவும்' என்றிருந்தது. பள்ளிக்கூட பஸ்ஸே பிளேனுக்காக நின்று போகும். பிந்தி வந்ததற்கு உலகத்திலேயே கௌரவமான காரணம் ஜெசிக்காவிடம் இருந்தது. பக்கத்து வீட்டு றெயால், மஞ்சள் பிளேன்காரர், இளைப்பாறிய பல்வைத்தியர். தங்கமான மனிதர். காலையில் முட்டைப் பொரியல் சாப்பிட நூறு கிலோமீற்றர் பறந்து போய்வருவார். அவருடைய குளிர்சாதனப் பெட்டியில் முட்டை இருந்தது.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கறிவேப்பிலை வாங்க மொன்றியலுக்குப் போக வேண்டும். மீன் கழிவை வெளியே போட்டால் கடற்புறா வரும், கடற்புறா வந்தால் பிளேனில் மோதுமென்று குடியிருப்போர் சங்கத்தின் கடிதம் வரும். ஜெசிக்கா பட்டம் ஏற்றக்கூடாது. செலீன் புடலங்காய்ப் பந்தல் போட்டபோது, உயரத்தை அளக்க இரண்டு பேர் நாடாவோடு வந்தார்கள். அவள் ஆளுக்கு இரண்டு புடலங்காய் கொடுத்தனுப்பினாள். பந்தலின் உயரம் விமானப் போக்குவரத்துக்கு இடைஞ்சலில்லை என்று அடுத்த கிழமை கடிதம் வந்தது. டோர்வலில் பிளேன் சத்தத்தை மனம்விட்டுத் திட்டலாம், உள்ளே இருப்பவர்கள் யாரோ எவரோ. இங்கே ஒவ்வொரு சத்தத்துக்குள்ளும் ஒரு அயலவர் இருந்தார், கை காட்ட வேண்டும். செலீன் தலையிடிக் குளிசையை விழுங்கிக்கொண்டே கை காட்டினாள்.

மூன்றாம் வருசம் வைகாசியில் ஜெசிக்காவுக்குக் கோயிலில் முதல் நன்மைச் சடங்கு. விருந்துக்கு மண்டபம் தேடவில்லை. கொட்டில் இருநூறு பேர் கொள்ளும், அதற்குள் அதுவரை வாழ்ந்தது நாலு அரிசி மூட்டையும் மடக்குக் கதிரைகளும்தான். கார்களை ஒழுங்காக நிறுத்துகிற பொறுப்பை அருமைராசா தானாகவே எடுத்துக்கொண்டான்.

"இவ்வளவு பெரிய றோட்டு, ஒரு வாகனத்தையும் காணேல்லை. வெள்ளைக் கோடும் போட்டு விட்டிருக்கிறாங்கள்" என்று பத்தொன்பது கார்களை அந்தக் கோட்டின் வழியே வரிசையாக நிறுத்தினான். அழகான வரிசை. ஞானேந்திரன் அப்போது உள்ளே சோற்றுப் பானையோடு நின்றார்.

பகல் ஒரு மணிக்கு மஞ்சள் பிளேன் வந்தது. தாழ வந்து, ஏதோ நினைத்ததுபோல மேலே எழும்பி, ஒரு வட்டம் அடித்தது. பிறகு இன்னொரு வட்டம். எல்லாரும் வெளியே ஓடி வந்தார்கள்.

"ஞானம் அண்ணை பூ எறிய ஒழுங்குபண்ணியிருக்கிறார்!" என்று யாரோ கத்தினார்கள்.

ரொறன்ரோவில் ஒரு கலியாணத்துக்கு ஹெலியிலிருந்து பூ எறிந்ததை எல்லாரும் வீடியோவில் பார்த்திருந்தார்கள். மொன்றியல் மட்டும் குறைந்ததா? பிள்ளைகள் சட்டையை விரித்துப் பிடித்தார்கள். பெண்கள் வெளியே அடுப்பிலிருந்த கறிச்சட்டியை மூடினார்கள், பூ விழக்கூடாதென்று. ஞானேந்திரன் வெளியே வந்து கார் வரிசையைப் பார்த்தார், மேலே பார்த்தார். அவருக்கு மட்டும் விளங்கியது. மூன்றாவது வட்டத்தில் றெயாலின் கை தெரிகிற அளவுக்குப் பிளேன் தாழ்ந்தது. அந்தக் கை வாழ்த்தவில்லை. ஞானேந்திரனும் கையை உயர்த்தி ஆட்டினார். வேறென்ன செய்வார்?

பிளேன் போய்விட்டது.

"பூப்பெட்டி திறபடேல்லைப் போல" என்றான் அருமைராசா.

றெயால் வேறொரு இடத்தில் இறங்கி, நாலு மணிக்கு டாக்சியில் வந்தார். 'பொன்ஜூர்' என்றார். அந்த ஒற்றைச் சொல்தான் பயமாக இருந்தது. செலீன் கொடுத்த றோல்ஸை மறுக்கவில்லை, அது கொஞ்சம் ஆறுதல்.

பத்தாம் நாள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம். கூட்டத்துக்கு வரவும். விமானமில்லாத கொட்டில் எதற்கு என்று விளக்கவும்.

கூட்டம் தலைவியின் கொட்டிலில், ஒரு இறக்கையின் நிழலில் நடந்தது. நாற்பது கதிரை. செலீனும் வந்தாள். அவள் பிரெஞ்சு படித்தது தான் வேலை செய்கிற கார்டறி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில், மூன்று வயதுப் பிள்ளைகளிடம். அது முழுக்க முழுக்கக் கேள்வி கேட்கிற பிரெஞ்சு.

தலைவி ஒரு படிவத்தை நீட்டினார். வரப்போகும் விமானத்தின் வகை, வருகிற மாதம், கையெழுத்து. நிரப்பினால் போதும், பழையதெல்லாம் மறந்துவிடுவார்கள். மாதத்துக்குப் புரட்டாதி என்று ஒரு பொய் எழுதலாம். வகைக்கு என்ன எழுதுவது? ஞானேந்திரனுக்குத் தெரிந்த விமான வகைகள் நூற்றெண்பது கோழி, நாற்பது மரக்கறி என்பவைதான்.

அவர் தடுமாறுவதைக் கண்ட றெயால் பின்னாலிருந்து குனிந்தார். என்னுடைய பிளேனில் பாதிப் பங்கு என்று எழுதுங்கள், நானே ஓட்டப் பழக்குகிறேன் என்று மெல்லச் சொன்னார்.

செலீன் ஞானேந்திரனின் கையைப் பிடித்தாள். "மெய்யே? அப்ப நீங்கள் உண்மையாவே பிளேன் ஓடப்போறியளோ?"

அவளுடைய முகத்தில் அப்படியொரு வெளிச்சம். இந்த மூன்று வருசமாக அவள் தன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறாள் என்றே ஞானேந்திரன் நினைத்திருந்தார். அவள் நம்பியிருந்தாள். குளிசையை விழுங்கியதும் கை காட்டியதும் அந்த நம்பிக்கையில்தான். சந்தேகத்தை அவர் எத்தனை வருசமும் சமாளித்திருப்பார். இதைச் சமாளிக்க முடியவில்லை.

எழும்பி நின்றார். தன்னிடமிருந்த பிரெஞ்சு முழுவதையும் திரட்டி, தலைவியைப் பார்த்துச் சொன்னார். பேப்பரில் பீஸ்த் என்று இருந்தது. நான் சைக்கிள் என்று நினைத்தேன்.

முதலில் றெயால் சிரிக்கத் தொடங்கினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தலைவி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சிரிக்காதவள் செலீன் ஒருத்திதான். அவள் பிடித்திருந்த கையை விட்டாள்.

"பேனையைத் தாங்கோ" என்றாள்.

கொடுத்தார்.

செலீன் படிவத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சங்கத்தின் விதிப்புத்தகத்தைக் கேட்டாள். தூசி தட்டிக் கொடுத்தார்கள். முதலாம் பக்கத்திலிருந்து வாசித்தாள். விளங்காத ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைத்து "செ குவா, சா?" என்று கேட்டாள். நாற்பது பேரும் காத்திருந்தார்கள். எட்டாம் பக்கத்துச் சொல் ஒன்றுக்குத் தலைவிக்கே பொருள் தெரியவில்லை. பதினாலாம் பக்கத்தில் செலீன் நிமிர்ந்தாள். அயலவர்களுக்கு முன்கூட்டி அறிவித்தால் வருசத்தில் நாலு தரம் கொட்டிலைக் குடும்ப விருந்துக்குப் பாவிக்கலாம், கொட்டிலில் விமானம் இருந்தாக வேண்டுமென்று கொட்டிலைப் பற்றிய விதிகளில் எங்கும் எழுதவில்லை என்றாள்.

தலைவி புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. பல்வைத்தியர்கள், பொறியியலாளர்கள், ஒரு நொத்தாரிஸ்கூட அங்கே இருந்தார்கள். எல்லாரும் இதன் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

"வேறென்ன எழுதியிருக்கிறது, மதாம்?" என்று றெயால் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். பிறகு இன்னும் ஐந்தாறு கதிரைகள் இழுபட்டன. செலீன் பதினைந்தாம் பக்கத்தைத் திருப்பி, ஓரத்தில் பேனையால் ஒரு கோடு போட்டாள்.

அவளைச் சுற்றியிருந்த வட்டத்தில் ஞானேந்திரனுக்கு இடமிருக்கவில்லை. அவர் எழும்பிப்போய், எல்லாருக்கும் கோப்பி ஊற்றத் தொடங்கினார்.